நடையைத் தாங்கும் நரம்பணுக்கள்



மூளை கட்டளையிடுகிறது, கால் நடக்கிறது என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுகிறோம். இடையிலுள்ள தண்டுவடம் வெறும் கம்பி என்றே மாணவர் எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் 1911ஆம் ஆண்டிலேயே தாமஸ் கிரகாம் பிரவுன் என்னும் பிரிட்டன் அறிஞர், மூளையின் தொடர்பு அறுபட்ட பின்னும் பூனையின் தண்டுவடம் காலை மடக்கி நீட்டும் நடைத்தாளத்தைத் தானே எழுப்பவல்லது என்று காட்டினார். (இவர் பின்னாளில் மோன் பிளாங்க் மலையேற்றத்திலும் புகழ்பெற்றவர்!)

தாளம் எங்கிருந்து எழுந்தாலும் அதைத் தசைக்குக் கொண்டு சேர்ப்பவை, தண்டுவடத்தின் முன்புறச் சாம்பல் நிறப் பகுதியில் உள்ள இயக்க நரம்பணுக்களே. வேறு வழி கிடையாது. இளம்பிள்ளை வாதத்தில் அழிபவை இந்த அணுக்கள்தாம் என்பதை 1870இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ எடுத்துரைத்தார். போலியோ என்னும் பெயருக்கே கிரேக்க மொழியில் சாம்பல் நிறம் என்பது வேர்ப்பொருள். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதை 1908இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் போப்பரும் நிறுவினர்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீசை இங்கு ஒப்பிடலாம். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய தண்டுவடம் சிதைந்தது. மூளையிலிருந்து கால்களுக்குச் செல்லும் பாதை அறுந்தது. கால்களில் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார் அந்த அம்மையார். போலியோ கண்ட குழந்தைக்கோ பாதை அறுவதில்லை. கிள்ளினால் வலிக்கும், ஆனால் தசையை இயக்கும் அணு மாண்டுவிட்டதால் கால் அசையாது.

நம் நாட்டில் போலியோ சொட்டு மருந்து 1972இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 1992க்குப் பின் நோயாளி எவரும் இல்லை. 2000ஆம் ஆண்டில் மேற்குப் பசிபிக் வட்டாரம் முழுவதும் போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது. எனவேதான், "போலியோ ஒழிந்துவிட்டதே, டீச்சர், பிறகு எதற்கு ஊசி?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை 2019 டிசம்பரில் சபாவின் துவாரானிலிருந்து வந்தது. காய்ச்சலும் கைகால் தளர்ச்சியுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மூன்று மாத ஆண் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. 27 ஆண்டுகளுக்குப் பின் முதல் நோயாளி.

அக்கிருமி, சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த கிருமியின் வழி வந்தது. பிலிப்பீன்சில் பரவியதோடு தொடர்புடையது. இதைக் கேட்டதும் மருந்தே குற்றவாளி என்போர் உண்டு. அப்படியன்று. தடுப்பு பெற்றோர் நிறைந்த ஊரில் அக்கிருமி சில வாரங்களில் அடங்கிவிடும். தடுப்பு பெறாத குழந்தைகள் பலர் இருக்கும் இடத்தில்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி, நாளடைவில் உருமாறி, இழந்த வலுவை மீண்டும் பெறுகிறது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே வாதம் காண்கிறது என்பதால், ஒரு குழந்தை முடங்குமுன் கிருமி பலரைக் கடந்திருக்கும்.

சபாவில் உடனே சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியது. பரவல் முடிவுற்றதாக 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இப்போது நம் குழந்தைகளுக்கு 2, 3, 5, 18ஆம் மாதங்களில் போடப்படும் கூட்டு ஊசியில் இருப்பது உயிரற்ற கிருமி. அது உருமாறிப் பரவ வழியில்லை. 18ஆம் மாத ஊசிதான் பலருக்கு மறந்துபோகிறது. குழந்தையின் நலப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.