ஊரும் காவலும்: வியட்நாமிற் கூட்டு நடவடிக்கைப் பிளட்டூன்கள் (1965–1971)

பகலில் ஊருக்குள் நுழைந்து தேடுதல் நடத்திவிட்டு மாலையில் முகாமுக்குத் திரும்பும் படை, இரவில் அவ்வூரை யாரிடம் விட்டுச் செல்கின்றது? கிளர்ச்சியை அடக்க முற்பட்ட அரசுகள் யாவும் எதிர்நோக்கிய வினா இது. தென் வியட்நாமின் வடக்கேயமைந்த ஐந்து மாகாணங்களில் ஐக்கிய அமெரிக்காவின் மரீன் படையினர் இதற்கு விடைகாண மேற்கொண்ட முயற்சியே கூட்டு நடவடிக்கைப் பிளட்டூன் என்னும் அமைப்பாகும். அதன் தோற்றம், இயங்குமுறை, எல்லைகள் ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சி முன்மாதிரி அற்றதன்று. 1890களில் தொங்கினிற் பிரெஞ்சுத் தளபதி கலியெனி, காவல் நிலையங்களைப் படிப்படியாக விரித்துச் செல்லும் முறையைக் கையாண்டார். எய்ட்டி, நிக்கரகுவா ஆகிய நாடுகளில் உள்ளூர்க் காவற்படைகளை அமைத்து நடத்திய அனுபவமும் மரீன் படைக்கு இருந்தது. ஆயின் 1950இன் பின்னர் மலாயாவிற் பிரித்தானியர் பின்பற்றிய வழி வேறு. அங்கு ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் வேலியிட்ட புதுக்குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தென் வியட்நாமில் 1962இல் தொடங்கிய கேந்திரக் குக்கிராமத் திட்டமும் மக்களை அவர்தம் வயல்களிலிருந்தும் மூதாதையர் கல்லறைகளிலிருந்தும் பிரித்து, அவர்களது வெறுப்பையே ஈட்டியது. 1963 நவம்பரில் டியெம் ஆட்சி கவிழ்ந்ததும் அத்திட்டமும் குலைந்தது. மக்களைப் படையிடம் கொண்டுவருதல் தோல்வியுற்ற நிலையில், படையை மக்களிடம் அனுப்புதல் என்ற எண்ணம் வலுப்பெற்றமை இயல்பே.

1965 மார்ச்சில் மரீன் படையினர் தா நாங்கில் தரையிறங்கினர். அதே ஆண்டு ஓகஸ்டில், ஹூவே நகருக்கண்மையிலுள்ள பூ பாய் விமானத்தளத்தைச் சூழ்ந்த ஊர்களில் முதலாவது கூட்டு அணி அமைக்கப்பட்டது. வியட்நாமிய மொழியறிந்த லெப்டினன்ட் போல் எக் அதற்குப் பொறுப்பாயிருந்தார். மரீன் தளபதி லூயிஸ் வோல்ட் இம்முறையை ஏனைய பகுதிகளுக்கும் விரிவுபடுத்தினார்.

பதினான்கு மரீன் வீரரும் கடற்படை மருத்துவ உதவியாளர் ஒருவரும், ஏறத்தாழ முப்பத்தைந்து ஊர்க்காவற் படையினரும் ஒரு பிளட்டூனாக இணைந்து ஊரிலேயே தங்குவதென்பது திட்டம். நடைமுறையில் இத்தொகை பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. ஊர்க்காவற் படையினர் அவ்வூர் மைந்தர். குறைந்த ஊதியமும் பழைய படைக்கலங்களும் பெற்றவர். ஊரின் ஒழுங்கைகளையும் உறவுகளையும் அவர்கள் அறிந்திருந்தனர். மரீன் வீரரிடம் வானொலித் தொடர்பும் பீரங்கி உதவியும் இருந்தன. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிறைவு செய்தனர். இரவுச் சுற்றுக்காவலும் பதுங்கித் தாக்குதலும் அவர்களது முதன்மைப் பணிகளாயின. நெல் அறுவடைக் காலத்தில் வயல்களைக் காத்தல் விடுதலை முன்னணியினரின் வரி அறவீட்டைத் தடுக்கும் வழியாகக் கருதப்பட்டது. மருத்துவ உதவியாளர் ஊரவருக்குச் சிகிச்சை அளித்தார்.

இவ்வாழ்வின் ஆபத்தைக் குவாங் ந்காய் மாகாணத்துப் பின் நியா ஊரின் வரலாறு காட்டுகின்றது. 1966 யூனில் அங்கு சென்ற அணியின் சிறுகோட்டை செப்டெம்பரில் தாக்கப்பட்டுப் பலர் மாண்டனர். எஞ்சியோர் வெளியேற மறுத்துத் தங்கினர். ஊர்க்காவற் படையினரும் அவர்களைக் கைவிடவில்லை. அதே மாகாணத்துச் சோன் மீ ஊரில், 1968 மார்ச் 16இல், அமெரிக்கத் தரைப்படைப் பிரிவொன்று நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது. மை லாய்ப் படுகொலை எனப் பின்னர் அறியப்பட்ட அந்நிகழ்வையும் பின் நியாவையும் அருகருகே வைத்து நோக்கின், ஊரவரின் முகமறிந்து வாழும் படைக்கும், ஊரை வரைபடத்தில் மட்டும் அறிந்து வரும் படைக்கும் உள்ள வேறுபாடு புலனாகும்.

எனினும் இம்முறை போரின் மையக் கொள்கையாக என்றும் அமையவில்லை. பசிபிக் மரீன் படைத் தளபதி விக்டர் குருலாக் இதனை ஆதரித்தார். தலைமைத் தளபதி வெஸ்ற்மோர்லண்டோ, ஒவ்வோர் ஊரிலும் ஓர் அணியை நிறுத்தத் தம்மிடம் ஆட்பலம் இல்லையெனக் கருதி, பெரும்படை மோதல்களுக்கே முதன்மை வழங்கினார். 1970இல் இவ்வமைப்பு உச்சநிலையை எய்தியபோதும் 114 பிளட்டூன்களே இருந்தன.

ஆட்குறைவு மாத்திரம் அதன் எல்லையன்று. தா நாங்கில் வழங்கப்பட்ட இருவாரப் பயிற்சி மொழியறிவுக்குப் போதியதன்று. பழக்கம் முதிரும் வேளையிற் பதின்மூன்று மாத சேவைக்காலமும் முடிந்துவிடும். ஊர்க்காவற் படை மாவட்டத் தலைவரின் அதிகாரத்துக்கே உட்பட்டிருந்தமையால், அந்நிருவாகத்தின் ஊழலை மரீன் சார்ஜன்ட் ஒருவராற் களைதல் இயலாது. நிலவுடைமை, வரி, நீதி ஆகியன குறித்த குறைகளும் தீராதிருந்தன. விடுதலை முன்னணியினருட் பலரும் அதே ஊர்களின் பிள்ளைகளே என்பதையும் மறத்தலாகாது. காவலன் அயலவன், தாக்க வருபவனோ உறவினன் என்ற நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

1971இல் இப்பிளட்டூன்கள் விலக்கப்பட்டன. 1975இல் சைகோன் அரசு வீழ்ந்தது. காவலில் ஒத்துழைத்தோர் தம் ஒத்துழைப்பின் விளைவுகளோடு ஊரிலேயே வாழவேண்டியவராயினர். இவ்வமைப்பைப் போற்றுவோர் அதனைத் தவறவிடப்பட்ட வெற்றிவாய்ப்பெனக் கூறுவர். ஊரோடு வாழ்ந்த படை ஊருக்கு இழைத்த தீங்கு குறைவு என்பது ஏற்கத்தக்கதே. ஆயின் அது அளித்த பாதுகாப்பு இரவல் பெற்றது. வந்தவர் என்றோ ஒருநாள் திரும்பிச் செல்வர் என்பதை ஊரவர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். இரவில் ஊர் யாருடையது என்ற வினாவுக்கு அவ்வூர் மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஆட்சியொன்றே நிலையான விடையாக அமைந்திருக்கும். அத்தகைய ஆட்சியைச் சிற்றணிகள் எவ்வளவு துணிவுடையனவாயினும் படைத்தளித்தல் இயலாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.