உட்காரும் நேரத்தை யார் தீர்மானிப்பது? தமிழ்நாட்டுக் கடைத் தொழிலாளரும் இருக்கை உரிமைச் சட்டமும்

முன்னுரை

2021 செப்டம்பர் 6 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு சிறிய சட்டத்திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் புதிய பிரிவை அது சேர்த்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் எல்லாருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கிடையே உட்கார வாய்ப்பு அமைந்தால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். வேலை நேரம் முழுக்க நின்றே கழிக்கும் நிலை ஒழிய வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். 2019 செப்டம்பர் 4 அன்று கூடிய மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இந்த யோசனையை ஒருமனதாக ஏற்றிருந்தது. 2018இல் கேரளம் செய்த திருத்தத்தை அடுத்து வந்தது தமிழ்நாட்டின் சட்டம்.

பணியிட ஆரோக்கியம், பாதுகாப்பு, மன அழுத்தம் ஆகிய மூன்றும் நிர்வாக நூல்களில் தனித்தனி அத்தியாயங்களாக நிற்கின்றன. ஒன்றுக்கு மருத்துவப் பரிசோதனை, ஒன்றுக்கு விதிமுறைப் பலகை, ஒன்றுக்கு ஆலோசகர் என்று தீர்வுகளும் பிரிந்துவிட்டன. ஜவுளிக்கடை மாடியில் நாள் முழுக்க நிற்கும் விற்பனைப் பெண்ணின் உடலில் இம்மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. தன் உடலை எப்போது எப்படி வைத்துக்கொள்வது என்று அவரால் தீர்மானிக்க முடியாததே அவருடைய கால்வலிக்கும் களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவான வேர் என்பது இக்கட்டுரையின் வாதம். 22-அ பிரிவு இருக்கையைத் தந்தது. உட்காரும் நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தொடவில்லை. அந்த இடைவெளி அடைபடாதவரை சட்டம் பாதி வழியிலேயே நிற்கும்.

நிற்பதால் உடலுக்கு வருவது

இதயத்திலிருந்து கால்களுக்கு இறங்கிய இரத்தம் மேலே திரும்ப, கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து சிரைகளை அழுத்த வேண்டும். நடக்கும்போது இது தானாக நிகழ்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்போது தசைகள் இறுகியபடி இருக்கின்றனவே தவிர, இரத்தத்தை மேலே தள்ளும் வேலையைச் செய்வதில்லை. அப்போது கணுக்காலில் சிரை அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டுகிறது. நடக்கத் தொடங்கினால் 30க்கும் கீழே இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இந்த அழுத்தத்தைத் தாங்கும் சிரைகளின் வால்வுகள் தளர்கின்றன. கால் வீங்குகிறது, சிரை சுருண்டு புடைத்து வெரிகோஸ் நோயாகிறது, முற்றினால் கணுக்காலுக்கு மேல் ஆறாத புண் வருகிறது.

டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றோ நடந்தோ கழிப்பவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டது. வெரிகோஸ் நோய்க்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஆண்களுக்கு 1.75 மடங்காகவும் பெண்களுக்கு 1.82 மடங்காகவும் இருந்தது. உழைக்கும் வயதினரிடம் காணப்படும் இத்தகைய நோயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்ட நேரம் நிற்பதால் வருகிறது என்றும் அது கணித்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளரை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருப்பவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

பாதுகாப்பும் இதிலிருந்து பிரிந்ததன்று. களைத்த கால்களோடுதான் மேல்தட்டிலிருந்து துணிக்கட்டை இறக்க ஏணியில் ஏற வேண்டியிருக்கிறது. சுமையோடு மாடிப்படி இறங்க வேண்டியிருக்கிறது. கழிப்பறை தொலைவில் இருந்தாலோ, போய்வர அனுமதி கேட்க வேண்டியிருந்தாலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அதன் விளைவு. நிற்பதும் நீர் அருந்தாமையும் வெவ்வேறு பழக்கங்களாகத் தோன்றினாலும், இரண்டும் வேறொருவர் அனுமதிக்குக் காத்திருக்கும் உடலின் துன்பங்கள்.

நிற்பதால் மனத்துக்கு வருவது

வேலை மிகுதியே மன அழுத்தத்துக்குக் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் அதைத் திருத்தினார். வேலையின் கோரிக்கை உயர்ந்தும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் சுதந்திரம் குறைந்தும் இருக்கும்போதுதான் அழுத்தம் உச்சத்தை அடைகிறது என்றார் அவர். பிரிட்டிஷ் அரசு ஊழியர் 10,308 பேரைப் பின்தொடர்ந்த இரண்டாம் வொய்ட்ஹால் ஆய்வு இதை உடல்நலத்தோடு இணைத்துக் காட்டியது. தம் வேலையின்மீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று 1997இல் அந்த ஆய்வுக்குழு எழுதியது.

இந்த அளவுகோலைத் துணிக்கடைத் தளத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாள்கள் என்று கோரிக்கை ஏறிக்கொண்டே போகும். ஐம்பது புடவையை விரித்துக் காட்டியபின் வாடிக்கையாளர் ஒன்றும் வாங்காமல் எழுந்து போனாலும் முகம் வாடக் கூடாது. புன்னகையையே உழைப்பாகத் தரவேண்டிய இந்த நிலையை ஆர்லி ஹோச்சைல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களிடம் ஆராய்ந்து, உணர்வு உழைப்பு என்று அழைத்தார். விற்பனைப் பெண்ணிடம் அந்த உழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது. முடிவெடுக்கும் சுதந்திரமோ ஏறக்குறைய இல்லை. விலை, இடம், இடைவேளை எல்லாம் பிறர் கையில். அவருக்கென்று எஞ்சியிருக்கக்கூடியது தன் உடலின் நிலை ஒன்றே. அதையும் மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்கச் சொல்வதுதான் உட்காரத் தடை.

கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் இது தெளிவாகத் தெரியும். கடையில் வாங்குபவர் யாரும் இல்லை, மடித்து அடுக்க வேண்டிய துணியும் முடிந்தது, ஆனாலும் நிற்க வேண்டும். இந்த நிற்றலால் விற்பனை கூடுவதில்லை. யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்பதை மணிக்கு மணி உடல்வழியாகச் சொல்லிக்கொண்டிருப்பது மட்டுமே அதன் பயன். தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து, கடை முதலாளி தரும் விடுதியில் தங்கி, அங்கேயே உண்டு வேலை செய்வோர் பலர். உட்காராதே என்று சொல்பவரின் கையிலேயே உறங்கும் இடமும் இருக்கும்போது மறுத்துப் பேசும் துணிவு எளிதில் வராது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) இந்த வாழ்க்கையைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. சட்டம் வர அதன்பின் 11 ஆண்டுகள் ஆயின.

சட்டம் விட்ட இடைவெளி

22-அ பிரிவின் உயிர்நாடி, உட்கார வாய்ப்பு அமையும்போது என்னும் நிபந்தனை. வாய்ப்பு அமைந்ததா என்று சொல்பவர் யார்? சட்டம் வாய் திறக்கவில்லை. சட்டம் பேசாத இடத்தில் கடைத்தளத்தில் ஏற்கெனவே அதிகாரம் உடையவரே பேசுவார். எனவே ஒரு மூலையில் நான்கு ஸ்டூல்களை அடுக்கி வைத்த கடை, ஒருவரையும் உட்கார விடாமலேயே சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகக் காட்டிக்கொள்ள முடியும்.

இது தவிர்க்க முடியாத குறை அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் இதேபோன்ற சொற்களில் நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை கேட்டது. ஆனால் இரண்டாம் உட்பிரிவில் ஒரு படி மேலே போனது. ஒரு வேலையை உட்கார்ந்தே திறம்படச் செய்யலாம் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், குறித்த நாளுக்குள் இருக்கை ஏற்பாடு செய்யும்படி எழுத்துமூலம் ஆணையிடலாம் என்றது. முதலாளிக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் தீர்ப்பை ஒப்படைத்த ஏற்பாடு அது. 73 ஆண்டுகளுக்குப் பின் வந்த கடைச் சட்டத் திருத்தத்தில் அது இடம்பெறவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 120ஆம் உடன்படிக்கை 1964இல் வணிக நிலையங்களுக்கும் அலுவலகங்களுக்கும் வகுத்த நெறியிலும் இதே தெளிவு உண்டு. போதிய இருக்கைகளைத் தருவதோடு, அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பையும் தொழிலாளருக்கு அளிக்க வேண்டும் என்கிறது அதன் 14ஆம் பிரிவு. வாய்ப்பு தானாக அமையட்டும் என்று காத்திருப்பதற்கும், அதை அளிப்பது ஒருவரின் கடமை என்று வகுப்பதற்கும் உள்ள தூரமே தொழிலாளி நிற்பதற்கும் உட்காருவதற்கும் உள்ள தூரம்.

பிற இடங்களின் பட்டறிவு

இந்தச் சிக்கல் பழையது. பிரிட்டனில் 1899இல் இயற்றப்பட்ட கடை உதவியாளர் இருக்கைச் சட்டம் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று வகுத்தது. சிறுவயதிலேயே துணிக்கடை வேலைக்குப் போன மார்கரெட் பாண்ட்ஃபீல்டு போன்றவர்கள் 1890களில் கடைப் பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்ட காலம் அது. அவரே 1929இல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சராகத் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார். இருக்கை வைப்பது மட்டும் போதாது, அதில் உட்கார அனுமதிப்பதும் முதலாளியின் கடமை என்று பிற்காலப் பிரிட்டிஷ் கடைச் சட்டம் சேர்க்க வேண்டியிருந்தது. எண்ணிக்கையில் தொடங்கிய சட்டம் அனுமதிக்கு வந்து சேர்ந்தது.

கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2016இல் சிவிஎஸ் மருந்துக்கடைக் காசாளர் வழக்கில் இதை இன்னும் கூர்மையாக்கியது. ஊழியர் ஓரிடத்தில் செய்யும் பணியின் இயல்பு உட்காருவதற்கு இடம் தருகிறதா என்பதைப் புறநிலையாகப் பார்க்க வேண்டும். முதலாளியின் விருப்பம் கவனிக்கத்தக்கதே ஆனாலும் அது மட்டும் முடிவு செய்யாது. தகுந்த இருக்கை தர வழியில்லை என்றால் அதை நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றது தீர்ப்பு.

கேரளத்தின் திருத்தம் தெருவிலிருந்து பிறந்தது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைத் தையல் தொழிலாளியான விஜி 'பெண்கூட்டு' அமைப்பில் திரட்டினார். முதல் கோரிக்கை கழிப்பறை. உட்காரும் உரிமை அடுத்து வந்தது. உட்கார்ந்ததைக் கேமராவில் பார்த்துச் சம்பளம் பிடித்தார்கள் என்று அப்பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். இருக்கைப் பஞ்சத்தைக் காட்டிலும் தண்டனை அச்சமே அவர்களை நிற்க வைத்தது என்பதை இப்புகார் தெளிவாக்குகிறது.

மறுப்புகள்

ஊழியர் நிற்பது வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை என்பது முதல் மறுப்பு. பழைய பட்டுப்புடவைக் கடைகளில் தரையில் விரிப்புப் போட்டு, வாங்குபவரும் காட்டுபவரும் எதிரெதிரே அமர்ந்தே வியாபாரம் நடந்தது. அந்த முறை இன்னும் முழுதாக மறையவில்லை. பல தளக் கடைகளும் கண்ணாடிக் கவுன்டர்களும் கொண்டுவந்த வழக்கத்தை மரபென்று கொள்வதற்கில்லை. கல்லாவில் முதலாளி அமர்ந்தபடி பணம் வாங்குவதை எந்த வாடிக்கையாளரும் அவமதிப்பாக நினைத்ததும் இல்லை.

நீண்ட நேரம் உட்காருவதும் கேடுதானே என்பது இரண்டாவது. உண்மைதான்; அதனால்தான் விருப்பம் முக்கியமாகிறது. நாள் முழுக்க உட்கார வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிற்பதையும் நடப்பதையும் அமர்வதையும் உடல் கேட்கும்போது மாற்றிக்கொள்ளும் உரிமையே மருத்துவக் காரணத்துக்கும் பொருந்துகிறது.

சிறுகடையில் இடம் இல்லை என்னும் மூன்றாவது மறுப்பில் பொருள் உண்டு. மடக்கு ஸ்டூலும், கவுன்டரின் உட்புறம் கீல் வைத்துப் பொருத்தும் பலகையும் அதற்குப் போதிய விடை. இடவசதி நிறைந்த பெரிய கடைகளிலும் நிற்க வைக்கும் வழக்கம் இருப்பதே, இடத்தைத் தாண்டிய காரணம் ஒன்று இருப்பதைச் சொல்கிறது.

செய்ய வேண்டியவை

பிரிட்டனின் பணியிட ஆரோக்கியப் பாதுகாப்பு ஆணையம் 2004இல் மன அழுத்தத்தைச் சமாளிக்க வகுத்த நெறிகள் ஆறு கூறுகளைப் பார்க்கச் சொல்கின்றன: கோரிக்கை, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்பு, மாற்றம். ஆறும் வேலை அமைப்பைப் பற்றியவை. தொழிலாளியின் மனத்திடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. யோகா வகுப்பும் ஆலோசனை நேரமும் நல்லவையே. ஆயினும் பத்து மணி நேரம் நிற்க வைத்துவிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது, காரணத்தை அப்படியே விட்டுவிட்டு விளைவுக்கு மருந்திடுவது. இந்நோக்கில் மூன்று திருத்தங்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

முதலாவது, அனுமானத்தைத் தலைகீழாக்க வேண்டும். வாடிக்கையாளரைக் கவனிக்கும் நேரமும் நின்றே செய்ய வேண்டிய பணியும் நீங்கலாக, தொழிலாளி உட்காரலாம் என்பதே விதியாக வேண்டும். இயலாது என்று சொல்லும் முதலாளி அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவைப்போல, தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் ஆணையிடும் அதிகாரம் வேண்டும். ஆய்வாளர் இருக்கைகளை எண்ணிவிட்டுத் திரும்பாமல், அவற்றில் யார் எப்போது அமர்கிறார்கள் என்று தொழிலாளரிடம் தனியே கேட்க வேண்டும்.

மூன்றாவது, உட்கார்ந்ததற்காகச் சம்பளம் பிடிப்பதும் இடமாற்றம் செய்வதும் கண்டிப்பதும் குற்றம் என்று சட்டமே சொல்ல வேண்டும். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் அபராதத்தை ஊதியத்தில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது, எந்தச் செயல்களுக்கு அபராதம் என்பதற்கு முன்அனுமதியும் கேட்டது. அந்தப் பாதுகாப்பின் தொடர்ச்சியே இது. ஒவ்வொரு தளத்திலும் தொழிலாளர் கண்ணிலும் வாடிக்கையாளர் கண்ணிலும் படும்படி இந்த உரிமையைத் தமிழில் எழுதி வைப்பதற்கு ஒரு பலகையின் செலவே ஆகும்.

முடிவுரை

2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு ஆகியவற்றின் ஒழிப்புக்குச் சமமான இடம் அது. அந்தப் பெரிய கோட்பாடு மெய்யாகிறதா என்று சோதிக்கக் கடைத்தளத்தைவிட எளிய இடம் இல்லை. 22-அ பிரிவால் ஆரோக்கியம், பாதுகாப்பு, மன அழுத்தம் மூன்றையும் ஒருசேரத் தொட முடிந்தது, அவை மூன்றுக்கும் நடுவே தன் உடல்மீதான தொழிலாளியின் ஆளுமை இருப்பதால்தான். அந்த ஆளுமையைத் திருப்பித் தரும் திருத்தத்துக்குப் புதிய சட்டக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. 1948லேயே நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கிடைத்த ஏற்பாட்டைக் கடைகளுக்கும் விரித்தால் போதும். அதை இனியும் தள்ளிப்போடுவதற்குத் தமிழ்நாட்டிடம் நியாயமான காரணம் இல்லை.