நோட்டுக் கணக்கு கம்ப்யூட்டருக்குப் போன வரலாறு

நான் பத்தாவது வரை படித்தவள். எங்கள் குழுவில் கணக்கு எழுதுகிறேன். நம்ம கணக்கு கடந்து வந்த பாதையை இந்த மலரில் எழுதுகிறேன்.

1957 ஏப்ரல் 1 வரைக்கும் ரூபாய், அணா, பைசா கணக்குதான். ரூபாய்க்கு 16 அணா. அதற்குப் பிறகுதான் ரூபாய்க்கு 100 பைசா என்று ஆனது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது எல்லாமே நோட்டுதான். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். "ரூ.1,250/-" என்று எழுதுவோம். கமா போட்டால் வாசிக்கச் சுலபம். கடைசியில் கோடு போட்டால் யாரும் பின்னால் இன்னொரு எண்ணைச் சேர்க்க முடியாது. அது நமக்குக் காவல்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நோட்டில் இருந்த மாதிரியே அடித்து ஏற்றினார்கள். மொத்தம் போட்டால் பணம் குறைந்தது! பால் ஊற்றும் அக்கா ஒருத்தருடைய சேமிப்பு 1,250 ரூபாய். அதில் 1 ரூபாய் என்று வந்தது. "வயித்தக் கட்டிச் சேத்த காசும்மா" என்று அழுதுவிட்டார். எல்லாரும் கணக்கு எழுதின என்னைத்தான் பார்த்தாங்க. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் படித்த ஊர்த் தம்பி ஒருத்தர் விளக்கினார். "அக்கா, இது எழுத்தா பதிவாயிருக்கு, எண்ணா இல்ல. எண்ணா மாத்தும்போது இந்த டேட்டாபேஸ் இடமிருந்து படிக்கும். கமா வந்தா அங்கேயே நின்னுடும். அதான் 1. முன்னால 'ரூ.' இருந்தா சுழியம்தான்."

முதலில் பழைய பதிவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தோம். பிறகு 'ரூ.', கமா, '/-' மூன்றையும் நீக்கி எண்ணாக மாற்றினோம். பைசாவுக்கு முன்னால் உள்ள புள்ளியை மட்டும் தொடவில்லை. அதை எடுத்தால் 1250.50 என்பது 125050 ஆகிவிடும்! கடைசியில் ஒவ்வொருவர் பெயராக நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். ஒரு பைசா குறையவில்லை. அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சகோதரிகளே, கம்ப்யூட்டரில் தொகைக்கு வெறும் எண்ணை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். கமாவும் கோடும் நோட்டில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.