டிஸ்க் என்னுடையது, ஃபைல் யாருடையது?

காசு கொடுத்து வாங்கிய ஹார்ட் டிஸ்க். உள்ளே இருப்பதெல்லாம் நாமே சேமித்தது. இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினால் மட்டும் 'அனுமதி இல்லை' என்று முறைக்கும். வைரஸ் என்பார் ஒருவர், டிஸ்க் போச்சு என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை நண்பர்களே, இது ஐம்பது வருடத்துக்கும் மேலான பழைய கதை.

1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் யூனிக்ஸ் வேலையைத் தொடங்கினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுக்கொண்ட காலம். அடுத்தவர் ஃபைலில் கை வைக்காமலிருக்க ஏதாவது வேண்டுமே? 1971-ல் வந்த முதல் பதிப்பிலேயே 'உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர் கூடாது' என்கிற பெர்மிஷன்கள் உண்டு. ஆனால் டிஸ்க்கில் உரிமையாளர் என்று பதிவாவது பெயர் அல்ல, வெறும் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி ஃபைலில் இருக்கும். டிஸ்க்கும் பட்டியலும் ஒரே அறையில் இருந்தவரை சிக்கல் வரவில்லை.

காமர்ஸ் மாணவனாக எனக்கு இது சட்டென்று புரிந்தது. கோர் பேங்கிங் வருவதற்கு முன் சேமிப்புக் கணக்கு எண் அந்தந்தக் கிளைக்கு மட்டும்தான். மதுரைக் கிளையின் 501 வேறு ஆள், திருச்சிக் கிளையின் 501 வேறு ஆள். பேரேட்டை ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

501 என்று சும்மா சொல்லவில்லை. மேக்கில் உருவாக்கும் முதல் பயனருக்கு அந்த எண்தான். உபுண்டுவில் 1000. ஃபெடோராவில் 500 என்று இருந்தது, 2011-ல் 16-ஆம் பதிப்பில்தான் 1000 ஆனது. ஆக, மேக்கில் இருக்கும் நீங்களும் லினக்ஸில் இருக்கும் நீங்களும் டிஸ்க்கைப் பொறுத்தவரை இரண்டு பேர். இதைவிட வேடிக்கை, உங்கள் உபுண்டு டிஸ்க்கை முன்பின் தெரியாதவரின் உபுண்டுவில் செருகினால், அவரும் 1000 என்பதால் கதவு தானாகத் திறக்கும்!

1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் இதை வேறு விதமாகச் செய்தது. எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும் நீளமான எண். இன்னொருவருடையதோடு மோத வாய்ப்பு குறைவு. ஆனால் வேறு கம்ப்யூட்டருக்கு அந்த எண் யாரென்றே தெரியாது. அங்கே அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்து ஃபைல்களின் உரிமையை எடுத்துக்கொண்டால்தான் வழி பிறக்கும்.

சரி, திருடனையாவது தடுக்குமா? தடுக்காது. அவன் தன் கம்ப்யூட்டரில் ரூட்டாக நுழைந்தால் எல்லாவற்றையும் படிக்கலாம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால்தான் காப்பு. பெர்மிஷனில் மாட்டிக்கொண்டு முழிப்பது பெரும்பாலும் சொந்தக்காரர்தான்.

ஃபேட் முறையில் இந்தத் தொல்லையே இல்லை. 1977-ல் மைக்ரோசாஃப்டில் பிறந்தது. ஒருவர் ஒரு கம்ப்யூட்டர் என்ற உலகத்துக்கானது என்பதால் உரிமையாளருக்கு அதில் இடமே வைக்கவில்லை. குறையாகச் சொல்லப்பட்ட அதுவே பென் டிரைவ் காலத்தில் வசதியாகிவிட்டது. ஒரே தடை, ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. அதைத் தாண்ட 2006-ல் எக்ஸ்ஃபேட் வந்தது. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-ல் வெளியிட்டது. அதே வருடம் லினக்ஸ் 5.4 கெர்னலில் அது சேர்ந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் நடுவே அலையும் டிஸ்க் என்றால் நான் எக்ஸ்ஃபேட்டில்தான் ஃபார்மேட் செய்வேன். அதிலும் உரிமையாளர் என்ற கட்டமே கிடையாது.