ஏரிக்கரையும் கோட்டைக்கரையும்: கம்மாபுரம் சாலையில் ஒரு வரலாற்றுப் பயணம்

திருச்சபை வரலாறு பயிலும் மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்வது நம்மிடையே நெடுங்கால வழக்கம். 1620இல் எழுந்த டேனியக் கோட்டை, 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு கரையேறிய கடற்கரை, 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் ஆகியவற்றைக் கண்டு, கல்லறைகளின் எழுத்துக்களைப் படித்து, அலையோரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்புகிறோம். இவ்வழக்கத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும் நம் திருச்சபையின் வரலாறு முழுவதும் கடலைப் பார்த்து நிற்கும் சுவர்களுக்குள்ளேதான் நடந்தது என்னும் எண்ணம் இளம் குருமாரின் உள்ளத்தில் இதனால் வேரூன்றிவிடுகிறது. அதற்கு ஈடாக வேறொரு வழியை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அது விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலை அடையும் சாலை. இதன் இடப்புறமும் வலப்புறமும் ஏரிகள் உள்ளன. இதன் முடிவிலும், அங்கிருந்து வடக்கே கடலூரிலும் ஐரோப்பியர் அமைத்த பட்டினங்கள் உள்ளன.

ஏரியும் குடியேற்ற நகரமும் அருகருகே அமைந்த நிலப்பரப்பைத் திருச்சபை வரலாற்றுக் கண்ணோடு காண்பது புதிய முயற்சியன்று. மெக்சிக்கோ நாட்டின் மிச்சோவகான் மாநிலத்தில் பாட்ஸ்குவாரோ என்னும் ஏரி உண்டு. அதன் கரையில் புரேப்பெச்சா மக்களின் பழந்தலைநகராகிய சின்சுன்சான் இருந்தது. ஸ்பானியர் வந்தபின் அவ்விடத்துக் கோயில் மேடைகளின் கற்களைப் பெயர்த்தெடுத்தே பிரான்சிஸ்கன் துறவியரின் மடம் கட்டப்பட்டது. ஆயின் அதே ஏரிக்கரையில்தான், நீதிபதியாக வந்து 1538இல் பேராயராகத் திருநிலைபெற்ற வாஸ்கோ டி கிரோகா, அடிமைப்பட்ட மக்கள் கூட்டாக உழுது, கூட்டாக உண்டு, நோயாளரைப் பேணி வாழும் ஊர்களை அமைத்தார். தாமஸ் மூரின் நூலிலிருந்து அவர் இக்கருத்தைப் பெற்றார் என்பர். 1565இல் மறைந்த அவரை அம்மக்கள் இன்றும் 'தாத்தா வாஸ்கோ' என்றே அழைக்கின்றனர். அவர்தம் மொழியில் அச்சொல் தந்தையைக் குறிக்கும். நம் செவிக்கு அது இன்னும் ஒரு தலைமுறை மூத்த உறவாக ஒலிப்பது இனிமையே. பெயர்த்த கல்லில் எழுந்த மடமும் பெயர் மறவாத ஊரும் ஒரே ஏரியின் கரையில் உள்ளன. அங்குச் செல்லும் மாணவன் இரண்டையும் காணாது திரும்ப இயலாது. நம் நாட்டிலும் இவ்வாறு காணவேண்டிய இடங்கள் உள்ளன என்பதே நாம் கூறவருவது.

கம்மாபுரத்தைக் கடந்து சேத்தியாத்தோப்பை அடைந்து தெற்கே திரும்பினால் வீராணம் ஏரியின் கரை தொடங்குகிறது. கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தகச் சோழனின் காலத்தில் தோண்டப்பெற்று, அவனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரைத் தாங்கிய ஏரி இது. வடக்குத் தெற்காகச் சுமார் 16 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில் இக்கரையில் தொடங்குவதால், படித்த தமிழர் யாவரும் இதனை நேரில் காணுமுன்பே கண்டிருக்கின்றனர். தென்கோடியில் உள்ள காட்டுமன்னார்கோயில் நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர். வைணவத் திருமறைப் பாடல்கள் தொகுக்கப்பெற்ற வரலாறு இவ்வூரோடு தொடர்புடையது. கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூரோ, பண்ணை அடிமையாயிருந்து தில்லைக்கு ஏங்கிய நந்தனாரின் ஊராகப் போற்றப்படுகிறது. வேதத்தைத் தொகுத்தவரும் வேதம் ஓதும் வாயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்டவரும் ஒரே நீரால் விளைந்த நெல்லை உண்டு வாழ்ந்த நாடு இது.

அந்த நீர் வரும் வழியையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குக் காவிரி நீர் வருகிறது. கிழக்குக் கரையின் மதகுகள் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் ஊட்டுகின்றன. 2004ஆம் ஆண்டு முதல் இந்நீரில் ஒரு பகுதி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னை நகரின் தாகம் தீர்க்கிறது. காட்டனைப் பற்றிக் கிறிஸ்தவப் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் அவருடைய பக்தியைப் புகழ்வது மரபு. அவர் பக்தியுள்ளவரே. ஆனால் அவர் அணைகட்டியது சோழர் காலம் முதல் மண் சுமந்தும் கரை காத்தும் வந்த மக்களின் ஏரிப்பாசனத்தின்மேல் என்பதையும், கூடுதலாய் விளைந்த நெல்லுக்குக் கூடுதலாய்த் தீர்வை வந்தது கம்பெனியின் கருவூலத்துக்கு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறாகும். சேற்றில் நின்று நாற்று நட்டவர் அந்நிலத்துக்கு உடையவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாவட்டத்தின் சிற்றூர்ச் சபைகளில் சேர்ந்தவர் பெரும்பாலும் அவர்களே. இக்காரணத்தால், கடற்கரை ஆலயத்தைக் காணுமுன் ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது நிற்கவேண்டும் என்கிறோம்.

கிழக்கே செல்வோம். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை உள்ளது. போர்த்துக்கேயர் புதிய துறைமுகம் எனப் பெயரிட்டு வழங்கிய ஊர். தமிழ்ப் பெயரும் அந்தப் பரங்கியரையே நினைவூட்டுகிறது. 1781ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சர் ஐர் கூட் இங்கே ஹைதர் அலியின் பெரும்படையைத் தோற்கடித்தார். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்து இரும்புக் கனியைக் கொண்டு ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் ஆலையை இங்கே நிறுவினார். அது நீடித்து நிலைக்கவில்லை. இவ்வளவோடு வழிகாட்டி நூல்கள் நின்றுவிடும். திருச்சபை மாணவன் நிற்கவேண்டிய இடம் இவ்விரண்டுமன்று.

டேனிஷ் மிஷன் சங்கத்தின் தொண்டராக 1909இல் தமிழ்நாட்டுக்கு வந்த ஆன் மேரி பீட்டர்சன் அம்மையார், தம் சங்கத்தை விட்டு விலகி, இப்பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்னும் பெண்கள் பள்ளியை நிறுவினார். 1921 செப்டம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். அதன்பின் சில நாட்களில் அவர் மதுரையில் அரையாடை பூண்டார். அம்மையாரின் தோழியாகிய எஸ்தர் பேரிங், காந்தியடிகளுடன் கொண்ட நட்பின் காரணமாகவே மிஷனுக்கும் அரசுக்கும் ஐயத்துக்குரியவரானார். அந்நாளில் மிஷன் பள்ளிகள் அரசின் மானியத்தால் நடந்தன. மானியம் கொடுக்கும் கரத்தை வகுப்பறைக்குள் விமரிசிக்க இயலாது என்பதை நாம் இன்றும் நம் நிறுவனங்களில் அறிவோம். அம்மையார் வேறொரு வழியைத் தெரிந்துகொண்டார்: கிறிஸ்தவக் கல்வி தேசியக் கல்வியாகவும் இருக்கலாம் என்று, நூற்பையும் கதரையும் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1951இல் மறையும்வரை அவருடைய பணி அவ்வூரிலேயே இருந்தது. நம் திருச்சபை வரலாற்றுப் பாடநூல்களில் இவருக்கு ஒரு பத்தி கிடைப்பதும் அரிது. மிஷனில் இருந்தவரை மிஷனெரி, வெளியேறியபின் யாரோ எனக் கருதும் மனப்பான்மையே இதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது.

வடக்கே, கெடிலம் கடலில் சேரும் தேவனாம்பட்டினத்தில் புனித தாவீது கோட்டையின் சிதைவுகள் உள்ளன. 1690இல் ஆங்கிலக் கம்பெனி இக்கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. அப்போது சென்னையில் ஆளுநராயிருந்தவர் ஈலைகு யேல். கோட்டையோடு, அங்கிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை உள்ள நிலமும் கம்பெனிக்குரியது என்பது உடன்பாடு. குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப் பெயர்பெற்றன. அன்று காலை ஒருவன் தன் வயலில் உழுதுகொண்டிருக்க, தலைக்குமேல் ஓர் இரும்புருண்டை பறந்து சென்றதனால் அவன் யாருடைய குடியென்பது தீர்மானிக்கப்பட்டது.

இந்தக் குண்டெல்லைக்குள்தான் நம் சுவிசேஷப் பணியும் தொடங்கிற்று. 1717இல், தரங்கம்பாடி மிஷனெரிகள் கம்பெனியாரின் இசைவு பெற்றுக் கடலூரில் தருமப் பள்ளி ஒன்றை ஏற்படுத்தினர். 1737இல் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தைச் சார்ந்த சார்டோரியஸும் கைஸ்டரும் சென்னையிலிருந்து வந்து மிஷனை நிறுவினர். மறு ஆண்டே சார்டோரியஸ் இறந்தார். 1740இல் சுவீடன் நாட்டவராகிய கியர்னாண்டர் வந்துசேர்ந்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டதால், 1752வரை தென்னாட்டு ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாயிருந்தது கடலூரே. இச்சூழலில் 1749இல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. உரோமன் கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்குத் துணைநின்றனர் என்னும் ஐயத்தின்பேரில் கம்பெனியார் அவர்களை வெளியேற்றி, அவர்களுடைய ஆலயத்தைக் கியர்னாண்டரிடம் ஒப்படைத்தனர். அவர் அதனைக் கிறிஸ்து ஆலயம் எனப் பெயரிட்டுப் பிரதிஷ்டை செய்தார். சென்னை வேப்பேரியிலும் ஏறத்தாழ இக்காலத்திலேயே இத்தகைய கைமாற்றம் நிகழ்ந்தது.

நம் மிஷன் சரித்திரங்கள் இதனைத் தேவனுடைய வழிநடத்துதல் எனக் குறித்துச் செல்கின்றன. அந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, மணமுடித்து, தம் இறந்தோரை அடக்கம் செய்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அடுத்த ஞாயிறு எங்கே வழிபட்டன என்று அவை கேட்பதில்லை. கியர்னாண்டர் தீயவர் அல்லர், ஊக்கமுள்ள ஊழியர். 1750 ஜூலையில் சுவார்ட்ஸ் முதன்முதலில் இந்திய மண்ணில் கால்வைத்ததும் அவர் இருந்த கடலூரில்தான். ஆயினும் பீரங்கி தந்ததைப் பீரங்கியே எடுத்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். கியர்னாண்டரும் உடன் ஊழியர் ஹூட்டெமனும் தரங்கம்பாடிக்கு அடைக்கலமாகச் சென்றனர். கியர்னாண்டர் பின்பு கல்கத்தா சென்று திரும்பவேயில்லை. ஹூட்டெமன் மட்டும் மீண்டுவந்து 1781இல் இறக்கும்வரை உழைத்தார். 1782இல் ஹைதரின் படையும் பிரெஞ்சுப் படையும் கடலூரைக் கொண்டபோது ஆலயம் வெடிமருந்துக் கிடங்காயிற்று. அங்கிருந்த கெரிக்கே நாகப்பட்டினம் போனார். மறு ஆண்டு ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டுப் பெருஞ்சேதம் கண்டனர். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி கப்பலில் வந்து சேர்ந்ததனால் போர் நின்றது. ஐம்பதாண்டு ஊழியத்தில் சபை எத்தனை முறை சிதறிச் சேர்ந்தது என்பதை இவ்வாண்டுகளே காட்டும்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது, கடலூருக்கு மேற்கே உள்நாட்டில் அமைந்த மேல்பட்டாம்பாக்கம். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வேறுபாட்டை அம்மிஷன் பொறுத்துக்கொண்டதை ஏற்கமாட்டாமல் வெளியேறி, 1861இல் அங்கே 'பெத்தானியா' என்னும் பணித்தளத்தை அமைத்தார். டேனிஷ் மிஷன் சங்கம் விரைவில் அதனை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து பரவிய பணியே 1913இல் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக உருப்பெற்றது. அதன் தலைமையிடம் இன்றும் கடலூர். கோட்டையின் நிழலில் பெற்ற ஆலயத்தைவிட, சாதியை ஒட்டிய மனச்சான்றின் பேரில் தொடங்கிய சிற்றூர்ப் பணி வேர்பிடித்தது என்று கூறலாம். ஆனால் ஓக்ஸ் எதனை விட்டு வெளியேறினாரோ அது நம்மை விட்டு வெளியேறிவிட்டதா என்பதைக் கல்லறைத் தோட்டங்களைக் கண்ட குருமார் அறிவர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, சபைகளுக்கு வெளியே இருந்த அதே மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியளித்ததையும் இவ்விடத்தில் மறத்தலாகாது.

கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாகக் கம்மாபுரத்துக்குத் திரும்பும் வழியில் பெருமாள் ஏரி உண்டு. சேத்தியாத்தோப்புக்கு அண்மையில் வாலாஜா ஏரி உண்டு. இவ்விரண்டுக்கும் இன்று மழைநீரோடு நெய்வேலிச் சுரங்கத்தின் நீரும் வருகிறது. பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழ் மேல்நோக்கி அழுத்தும் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினால்தான் அங்கே தோண்ட இயலும். 1956இல் நிறுவனம் உருவானதுமுதல் கம்மாபுரம் ஒன்றியத்தின் ஊர்கள் பல நிலம் கொடுத்துவந்துள்ளன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர்விடும் பருவத்து நெல் நின்ற வயல்களிலேயே பொறிகள் இறங்கிக் கால்வாய் வெட்டின. குண்டு கிராமங்களின் வரலாற்றைத் தேவனாம்பட்டினத்தில் சொல்லிவிட்டு வரும் ஆசிரியர், அவ்வயல்களின் ஓரமாகவும் வண்டியை நிறுத்தச் சொல்லலாம். அங்குள்ள சபையாரின் வாயால் கேட்பது நம் விரிவுரையிலும் நன்று.

இப்பயணத்துக்கு இரண்டு நாட்கள் போதும். தை, மாசி மாதங்களில் செல்வது நலம்: வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரிகள் நிறைந்திருக்கும், சம்பா அறுவடையும் நடந்துகொண்டிருக்கும். முதல் நாள் காலையில் வீராணத்துக் கரையில் தொடங்கி, மாலையில் பரங்கிப்பேட்டையில் தங்கலாம். கடலூர்க் கோட்டையில் காண்பதற்குச் சுவர்கள் மிகுதியாக இல்லை. அவ்விடத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது.