வாசலில் நின்றவள்: சம்மன் குறித்துச் சில குறிப்புகள்

கோர்ட்டுத் தமிழில் 'பிரதி' என்றால் நகல். நம் சிறுபத்திரிகைகளில் அதே சொல் வேறு வேலை பார்க்கிறது. சிவில் வழக்கின் சம்மனோ இரண்டு அர்த்தத்திலும் பிரதிதான்: அது ஒரு நகல், தன்னை வாங்கிக்கொள்ளத் தகுதியுள்ள உடல் எது என்று வரையறுக்கிற எழுத்தும்கூட. அந்த உடல் நெடுங்காலம் ஆண் உடலாக இருந்தது.

தடுத்தாட்கொண்ட புராணத்தை நான் ஒரு சிவில் வழக்காகவே வாசிக்கிறேன். புத்தூரில் கல்யாணப் பந்தல். கிழ வேதியர் ஒருவர் வந்து 'நீ என் அடிமை' என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படியோலைதான். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவருகிறது, பாட்டனாரின் கையெழுத்து ஒப்பிடப்படுகிறது, சுந்தரர் தோற்கிறார். இங்கே சேவகன் கிடையாது, வாதியே வந்து பிரதிவாதியை மறிக்கிறார். ஆண்களுக்குள்ளேயே எல்லாம் முடிந்துபோகிறது. அன்று மணப்பெண்ணாயிருந்த சடங்கவி சிவாச்சாரியார் மகளிடம் யாரும் எந்த ஓலையையும் நீட்டவில்லை.

1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் வாதியே போய் மறிக்க முடியாது. பிராது தாக்கலாக வேண்டும், பேட்டா கட்ட வேண்டும், கோர்ட்டு முத்திரையுடன் சம்மன் புறப்பட வேண்டும். பேட்டா கட்டாததால் சம்மன் சார்பாகாமல் போனால் வழக்கே தள்ளுபடியாகலாம். சாட்சிக்குப் போகும் சம்மனும் ஏறக்குறைய இதே வழிதான். கூடுதலாக அவருடைய வழிச்செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும். வராத சாட்சிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

1892இல் ஏற்பட்ட சிட்டி சிவில் கோர்ட்டிலிருந்து மயிலாப்பூருக்குச் சேவகர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வக்கீல்கள் அரசியல் கோஷ்டியாகவே திரண்ட பேட்டை அது! பிரதிவாதி வீட்டில் இல்லை. திண்ணையோரம் மனைவி நிற்கிறாள். "ஆம்பளைங்க யாரும் இல்லியா?" இந்தக் கேள்வி சேவகரின் சொந்தக் கேள்வி அல்ல, ஐந்தாம் கட்டளை 15ஆம் விதியின் கேள்வி. பிரதிவாதி அகப்படாவிட்டால் அவருடன் வசிக்கும் 'வயதுவந்த ஆண் உறுப்பினரிடம்' சம்மனைச் சார்பு செய்யலாம் என்பது அதன் மூலவாசகம். அப்படி யாருமில்லையென்றால் 17ஆம் விதிப்படி வெளிக்கதவில் ஒட்ட வேண்டியதுதான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் வீட்டுக் கதவில்!

அவளே பிரதிவாதி என்றால் நிலைமை வேறு, தாராளமாக வாங்கலாம். கடன்காரியாக அவள் உடல் செல்லும், குடும்பத்தின் பிரதிநிதியாகச் செல்லாது. ஒட்டிய தாள் காற்றில் போய் ஒருதலைத் தீர்ப்பு விழுந்து ஜப்தி வந்தால், வெளியே வந்து விழும் பாத்திரம் மட்டும் அவளுடையது.

இதே சட்டத்தின் 132ஆம் பிரிவு, வழக்கப்படி வெளியில் வரக்கூடாத பெண்களுக்குக் கோர்ட்டில் நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. சலுகையா இது? வாசலில் அவளைக் காணாத அதே பார்வை, கூண்டிலும் அவளைக் காண விரும்பவில்லை என்றே நான் வாசிப்பேன். அடுத்த பிரிவு அந்தஸ்துள்ளவர்களுக்கு விலக்கு தந்தது. 1956இல் 'அந்தஸ்து' போய் ஜனாதிபதி, மந்திரிகள், நீதிபதிகள், முன்னாள் சமஸ்தானாதிபதிகள் என்று பட்டியல் வந்தது.

விதிகளைத் திருத்த ஐகோர்ட்டுகளுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மூலவாசகத்தில் 'ஆண்' என்ற சொல் 1976ஆம் வருடத் திருத்தம் வரை அசையவில்லை. அந்தத் திருத்தம் 1977 பிப்ரவரி 1 முதல் அமலானது. 'ஆணாயினும் பெண்ணாயினும்' என்று ஆயிற்று. மனைவி உள்ளே வந்துவிட்டாள்.

விதியின் அடியில் விளக்கம் ஒன்று இருக்கிறது: வேலையாள் குடும்ப உறுப்பினர் ஆகார். அது மாறவேயில்லை. அடையாறு ஃபிளாட்டில் இன்று கேட்டைத் திறப்பவர் வாட்ச்மேன், கதவைத் திறப்பவர் சமையற்கார அம்மா. தி.நகரிலும் அப்படித்தான். இருவரிடமும் சம்மன் கொடுக்க முடியாது. ஒட்டிவிட்டுப் போகும் சேவகர், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதைத் தன் அறிக்கையில் எழுத வேண்டும். அந்த இடத்தில் வாட்ச்மேன் பெயரை எழுதலாம், சமையற்கார அம்மா பெயரையும்.