ஆஸ்துமா ஆய்வில் ஒரு தழும்பின் வரலாறு

எம்மவர் தொய்வு என்றும் முட்டு என்றும் வழங்கும் ஆஸ்துமா, வந்து போகும் இயல்புடைய நோய். இரவெல்லாம் மூச்சைத் திணறடித்தது விடிந்ததும் அகன்றுவிடும். நோயாளியும் பிறரைப் போல் நடமாடுவார். இவ்வியல்பே மருத்துவ உலகை நெடுங்காலம் ஒரு முடிவின்பாற் செலுத்திற்று. வந்த சுவடு தெரியாமற் போகும் நோய் உறுப்பிலும் வடு எதனையும் விட்டுச் செல்வதில்லை என்பதே அது. மருத்துவம் பயிலாத, வரலாறு மட்டுமே பயிலும் ஒருவனுக்கு இதில் ஆர்வமூட்டுவது யாதெனில், வடு கண்ணெதிரே தோன்றிய பின்னரும் அஃது இன்னதென்று உணரப்பட ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றமையே.

இலண்டன் சேரிங் குறொஸ் மருத்துவமனையின் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ற்றர் 1860 இல் ஆஸ்துமா பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவரே அந்நோயால் வருந்தியவர். ஆதலின் நோய் எழும் இரவைப் பற்றிய அவர் விவரணைகளில் நூலறிவு மட்டும் பேசவில்லை. சுவாசக் குழாய்களைச் சூழ்ந்துள்ள தசை நரம்பின் தூண்டலால் இறுகுவதே நோய் என்பது அவர் கோட்பாடு. இறுகிய தசை நெகிழ்ந்தால் குழாய் பழைய நிலையை எய்தும் என்று கொள்ளின், அங்கே தழும்புக்கு இடமேது? நரம்பிலிருந்து உள்ளத்துக்குச் செல்வதும் நெடுந்தூரமன்று. 1941 இல் சிக்காகோவின் உளப்பகுப்பாய்வாளரான பிரெஞ்ச், அலெக்சாண்டர் ஆகியோர் ஆஸ்துமாவின் உளவியற் காரணங்களைத் தனி நூலாகவே ஆராய்ந்தனர்.

ஆயின் அதே சிக்காகோவில், அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே வேறொரு சான்று எழுத்தில் இருந்தது. 1922 இல் ஹியூபர், கெஸ்லர் என்னும் இருவர் ஆஸ்துமாவால் இறந்தோரின் சுவாசக் குழாய்களை நுணுக்குக்காட்டியில் அளந்து, பிறருடையவற்றோடு ஒப்பிட்டனர். சுவர் தடித்திருந்தது, தசை பெருத்திருந்தது, குழாயின் உட்பூச்சான மேலணிக்குக் கீழே உள்ள படையும் தடித்திருந்தது. 1960 இல் ஒக்ஸ்போர்ட்டின் டனில் என்பாரும் இறந்தோரிடத்து இவற்றை மீண்டும் கண்டார். இருந்தும் அப்படைக்கு வழங்கிய பெயர் 'அடிமென்சவ்வுத் தடிப்பு' என்பதே. இப்பெயர் செய்த தீங்கு சிறிதன்று என்பது என் கருத்து. மேலணிக்கு உரிய மெல்லிய சவ்வே தடித்தது எனக் கொண்டோர், அதற்குக் கீழே நார் நெய்யும் கலமொன்று இருக்கலாம் எனத் தேடும் தேவையை உணர்ந்திலர்.

மற்றொரு தடையும் இருந்தது. சான்று முழுவதும் இறந்தோரிடமிருந்து பெறப்பட்டது. கடுமையான நோயால் மாண்டவரின் நுரையீரல், நாள்தோறும் தொழிலுக்குச் செல்லும் நோயாளியைப் பற்றி என்ன கூறிவிடும் என்று கேட்க இடமிருந்தது. 1959 இல் வெளிவந்த சீபா மாநாட்டு அறிக்கையும், தானாகவோ சிகிச்சையாலோ குறுகிய காலத்தில் மாறும் குழாய் ஒடுக்கத்தைக் கொண்டே ஆஸ்துமாவை வரையறுத்தது. மீளுதலே நோயின் இலக்கணமாயிற்று. மீளாத ஒன்று அவ்விலக்கணத்துள் எங்ஙனம் அடங்கும்?

மாற்றம் ஈரிடத்திருந்து வந்தது. வளையும் குழாய்நோக்கியை 1960களின் பிற்பகுதியில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெத்தோ இக்கெடா ஆக்கியமையால், உயிரோடிருப்பவரின் சுவாசக் குழாயிலிருந்து சிறு இழையத் துண்டுகளை எளிதில் எடுத்தல் கைகூடிற்று. மற்றையது ஆஸ்துமாவோடு தொடர்பே இல்லாத துறை. பைபுரோபிளாஸ்ற் எனப்படுவது கொலாஜன் முதலிய நார்ப்பொருள்களைச் சுரந்து இழையத்தைத் தாங்கும் கலம். அதனை இங்கு நார்க்கலம் என்போம். ஆறும் புண் ஏன் சுருங்கி மூடுகின்றது என்று ஆராய்ந்த கபியானியும் அவர் துணைவரும், அவ்விடத்து நார்க்கலங்கள் தசைக்குரிய இழைகளைப் பெற்று உருமாறியிருத்தலை 1971 இல் அறிவித்தனர். நார் சுரத்தலோடு சுருங்கவும் வல்ல இவ்வுருவே மயோபைபுரோபிளாஸ்ற் எனப் பெயர் பெற்றது.

1989 இல் இங்கிலாந்தின் சவுதாம்ரன் ஆய்வாளர் ரோஷ், ஹொல்கேற் முதலியோர் இலேசான ஆஸ்துமா உடையோரின் இழையத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கினர். உண்மையான அடிமென்சவ்வு தடிக்கவேயில்லை! தடித்திருந்தது அதன் கீழ்ப்படை. அங்கே செறிந்திருந்தவை மூன்றாம், ஐந்தாம் வகைக் கொலாஜன்களும் பைபுரோனெக்ரினும். பெயர் பிழையென்பது அன்று வெளியாயிற்று. அடுத்த ஆண்டே அக்குழுவினர் அப்படையின் கீழே உருமாறிய நார்க்கலங்களைக் கண்டனர். அவற்றின் தொகை மிகுந்தவிடத்துக் கொலாஜன் படையும் தடித்திருந்தது. புண்ணை மூடும் தொழிலாளியே இங்கும் தொழில் செய்கின்றான். ஆனால் வேலை முடிந்தும் வீடு திரும்பவில்லை. அவனை ஏவுவனவற்றுள் முதன்மையானது, மேலணியும் இயோசினோபில் என்னும் வெண்கலங்களும் வெளிவிடும் உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா. பின்னர் இலண்டனில் நடந்த ஆய்வுகள், மூன்று வயதுக்குட்பட்டு மூச்சிரைப்புற்ற சிறாரிடத்தும் இத்தடிப்பு இருத்தலைக் காட்டின. எனவே நெடுநாள் நோயின் முதிர்ந்த விளைவு என்று மட்டும் இதனைக் கூறுதல் இயலாதாயிற்று.

இதுவரை வந்த கதையில் அழற்சியே தழும்பின் தாய். சால்ற்றரின் தசை இறுக்கம் பழங்கதையாய் ஒதுக்கப்பட்டிருந்தது. 2011 இல் கிரெயிஞ்சும் சவுதாம்ரனில் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு அதனை வேறொரு வாயிலால் உள்ளே அழைத்தது. இலேசான ஆஸ்துமா உடைய 48 தொண்டர் நான்கு குழுக்களாக்கப்பட்டனர். ஒரு குழு வீட்டுத்தூசிச் சிற்றுண்ணியின் ஒவ்வாப்பொருளைச் சுவாசித்தது. ஒரு குழு அழற்சியைத் தூண்டாது தசையை மட்டும் இறுக்கும் மெதக்கோலினைச் சுவாசித்தது. ஒரு குழுவுக்கு உப்புநீர். இறுதிக் குழு சல்பியூற்றமோல் பெற்றபின் மெதக்கோலினைச் சுவாசித்தது. இவ்வாறு மூன்று முறை செய்யப்பட்டது. முன்னும் பின்னும் இழையம் எடுக்கப்பட்டது. முதலிரு குழுக்களிலும் மேலணியின் கீழ்க் கொலாஜன் படை தடித்தது. அழற்சிக் கலங்கள் பெருகியதோ ஒவ்வாப்பொருளைச் சுவாசித்தவரிடத்து மட்டுமே. சல்பியூற்றமோலால் தசை இறுகாது காக்கப்பட்டவர்க்கு அதே மெதக்கோலின் அப்படையைத் தடிக்கச் செய்யவில்லை.